ரெண்டே நிமிஷம்

வணக்கம் நேயர்களே. நடைபாதையில் வண்டி நிறுத்துவதைப் பற்றிப் பேச வாருங்கள் என்று கூப்பிட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. பதினெட்டு வருஷம் லாரி ஓட்டியவன் நான். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாக் கடைகளுக்கு அரிசி, பருப்பு, வெங்காயம் இறக்கிய அந்தக் காலத்தில் இடது பக்கச் சக்கரங்களை நடைபாதைமேல் ஏற்றாத வாரம் ஒன்று இருந்திருந்தால் அதிசயம். இப்போது அதே தெருக்களில் அம்மாவைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறேன். ஆகவே திட்டுகிறவனும் நானே, திட்டு வாங்க வேண்டியவனும் நானே.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, தேக்கா சந்தையில் மீன் வாங்கிவிட்டு வருகிறோம். ஒரு சந்தில் லாரி ஒன்று பாதி தெருவில், பாதி நடைபாதையில், ரெண்டு பக்க விளக்கும் மினுக்கிக்கொண்டு நிற்கிறது. அந்த விளக்கைப் போட்டுவிட்டால் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று எங்கள் தொழிலில் ஒரு நம்பிக்கை. சட்டத்தில் அப்படி எதுவும் கிடையாது. லாரிக்கும் கடை வாசலில் அடுக்கியிருந்த மூட்டைகளுக்கும் நடுவே நான் ஒருக்களித்துப் போகலாம், நாற்காலி போகாது. தெருவில் இறக்கித் தள்ளலாமே என்பீர்கள். இறக்கிப் பாருங்கள். நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பி, பெரிய சக்கரத்தை முதலில் மெல்ல இறக்க வேண்டும், முன்பக்கமாக இறக்கினால் ஆள் குப்புற விழுந்துவிடுவார். அதாவது தெருவில் வருகிற வண்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே இதைச் செய்ய வேண்டும், மடியில் மீன் பையோடு உட்கார்ந்திருக்கும் அம்மா வேறு “பார்த்து, பார்த்து” என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

சரி, தடை போட்டால் தீருமா? தடை ஏற்கெனவே இருக்கிறது. நடைபாதையில் நிறுத்துவது இங்கே குற்றம். தெரு ஓரத்தில் ரெட்டை மஞ்சள் கோடு போட்ட இடத்தில் எந்த நேரத்திலும் வண்டியை நிறுத்தி வைக்கக்கூடாது. சில தெருக்களில் கேமரா மாட்டியிருக்கிறார்கள், கைபேசியில் படம் எடுத்து அரசாங்கத்தின் ஒன்சர்வீஸ் செயலியில் புகார் அனுப்பலாம். இத்தனைக்கும் நடுவில்தான் அந்த லாரி நிற்கிறது. ஏனென்றால் சம்மன் ஆன்ட்டி, அதாவது அபராதச் சீட்டு எழுதும் அம்மா, ஒரு தெருவில் இருக்கும்போது மற்ற தெருக்கள் சும்மா இருக்கின்றன. அவர் வருவதைக் கடைப்பையன் பார்த்துக் குரல் கொடுப்பான், நாங்கள் ஓடிப்போய் வண்டியை எடுத்துவிடுவோம், ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி அதே இடம். மாதத்துக்கு ஒன்றோ ரெண்டோ சம்மன் மாட்டும். அதையும் பெட்ரோல் செலவு மாதிரி கணக்கில் சேர்த்துவிடுகிற முதலாளிகளை நான் பார்த்திருக்கிறேன்.

பிரிட்டனில் இதைவிட வேடிக்கை. நடைபாதையில் வண்டி ஓட்டக்கூடாது என்று அங்கே 1835ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். ஆனால் லண்டனுக்கு வெளியே, இங்கிலாந்தின் மற்ற ஊர்களில், நடைபாதையில் நிறுத்தி வைப்பதற்குப் பொதுவான தடை வராமலே பல காலம் ஓடிவிட்டது. கார் நடைபாதைமேல் நிற்கும். அது ஏறி வந்ததைப் பார்த்த சாட்சி இருக்காது. பறந்து வந்து உட்கார்ந்ததா என்று கேட்கத் தோன்றும். லண்டனில் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தடை இருக்கிறது. ஸ்காட்லாந்தில் 2019ல் சட்டம் நிறைவேறி, 2023 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அபராதம் 100 பவுண்டு, 14 நாளுக்குள் கட்டினால் பாதி. அதிலும் சரக்கு இறக்குகிறவர்களுக்கு வேறு வழியில்லை என்றால் 20 நிமிஷம் வரை விலக்கு உண்டு. அந்த 20 நிமிஷத்தை யார் எண்ணுவது? ஒரு அதிகாரி கடிகாரத்தோடு பக்கத்திலேயே நிற்க வேண்டும். லாரி ஓட்டியவன் என்ற முறையில் அந்த விலக்கு நியாயம் என்றுதான் சொல்வேன், ஆனால் அதுதான் ஓட்டை என்பதும் எனக்குத் தெரியும்.

நம் ஊரில் ஒரு விஷயம் ஓரளவு சரியாக நடந்தது. 2017ல் ஓபைக், மொபைக், ஓஃபோ என்று வாடகை சைக்கிள்கள் வந்து, லிஃப்ட் வாசல், பஸ் நிறுத்தம், மரத்தடி என்று எங்கே பார்த்தாலும் சாய்ந்து கிடந்தன. 2019 ஜனவரியிலிருந்து, சைக்கிளை விடும் இடத்தில் இருக்கும் கியூஆர் குறியை ஸ்கேன் செய்தால்தான் பயணம் முறையாக முடியும், செய்யாவிட்டால் 5 வெள்ளி பிடிப்பார்கள் என்று விதி வந்தது. யாரும் தெருவில் நின்று விரட்ட வேண்டியதில்லை, காசு தானாகக் கழிகிறது. லாரிக்கு அப்படி ஒரு கயிறு இல்லை. அதனால்தான் வண்டி ஏற முடியாதபடி நடைபாதை ஓரத்தில் தூண் நடுவது, சரக்கு இறக்கத் தனி இடம் ஒதுக்குவது, கடைக்குக் காலையிலேயே சரக்கு வரச் செய்வது, இதையெல்லாம் சம்மனைவிட நான் நம்புகிறேன். தூணையும் ரொம்ப நெருக்கி நட்டுவிடாதீர்கள், நாற்காலி அதிலும் மாட்டிக்கொள்ளும்.

இந்தச் சண்டை புதிதும் இல்லை. 1822ல், இங்கே ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் போட்ட நகரத் திட்டத்தில் கடைவீடுகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைவழி இருக்க வேண்டும் என்றார், அதுதான் நாம் சொல்லும் அஞ்சடி. கடைக்காரர்கள் அதில் சரக்கை நிரப்பினார்கள். 1888ல் நகராட்சி காலி செய்யச் சொன்னதும் கடைகளை அடைத்தார்கள், கல் பறந்தது, கலகமே வந்துவிட்டது. கடைசியில் ஆள் போக வழி விட்டால் சாமான் வைத்துக்கொள்ளலாம் என்று சமரசம். எவ்வளவு வழி என்பதில்தான் இன்றுவரை தகராறு.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். ஓட்டுநர் பையன் தலையில் மூட்டையோடு வந்தான். “அண்ணே, ரெண்டே நிமிஷம்” என்றான். இதே வார்த்தையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன். அம்மாதான், “நீயும் ஒரு கை கொடுடா, சீக்கிரம் போகட்டும்” என்றார். மீன் பையை அவர் மடியில் விட்டுவிட்டு நாலு மூட்டை தூக்கிப் போட்டேன். கடிகாரத்தைப் பார்த்தேன், பதினோரு நிமிஷம் ஆகியிருந்தது.