ஈரம் கண்ட கவசம்

வணக்கம். ரொக்சொலானி என்ற பெயரைப் பலர் இன்றுதான் கேட்டிருப்பீர்கள். அதில் முதல் பாதி, ஒளியைக் குறிக்கும் பழைய ஈரானியச் சொல் என்பார்கள். பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் நாம் பார்க்கும் ரோஷனுக்கும் அதே வேர்தான். சர்மாத்தியர் என்ற பழங்கால நாடோடிக் குதிரைவீரர்களில் ஒரு கிளை. இன்றைய உக்ரைன், ரஷ்யா பக்கம் தோன், தினீப்பர் ஆறுகளுக்கு நடுவே மேய்ச்சல், வண்டிமேல் கம்பளிக் கூடாரம், குளிர்காலத்துக்கு அசோவ் கடலோரச் சதுப்பு.

இவர்களுடைய கவசத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

பழைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ காட்டும் ரொக்சொலானிகள் பச்சை மாட்டுத்தோலில் மார்க்கவசமும் தலைக்கவசமும் போட்டவர்கள். கையில் பிரம்புக் கேடயம். தாசியஸ் என்ற தலைவன் 50,000 பேரோடு போய், கருங்கடலோரப் பொந்தஸ் நாட்டு அரசன் மித்ரிதாத்திஸின் தளபதியிடமிருந்த 6,000 பேரிடம் தோற்றான். (50,000 என்பது ஊதின கணக்காகவே படுகிறது.)

சர்மாத்தியர் குதிரைக் குளம்பிலும் கவசம் செய்தார்கள். ஏதென்ஸ் கோயிலொன்றில் பௌசானியாஸ் என்ற கிரேக்கப் பயணி அதைப் பார்த்திருக்கிறார். குளம்பைச் சுத்தம் செய்து, செதில் செதிலாகப் பிளந்து, துளையிட்டு, குதிரை, மாட்டுத் தசைநாரால் தைப்பார்கள். பச்சைப் பைன் காயைப் பார்த்தவருக்கு அந்த அடுக்கு புரியும் என்கிறார்.

கி.பி. 69 குளிர்காலத்தில் பார்த்தால், தலைவர்கள் உடம்பில் இரும்புத் தகடு, இல்லாவிட்டால் மிகக் கெட்டியான தோல். முந்தின குளிர்காலத்தில் இரண்டு ரோமப் படைப்பிரிவுகளை வெட்டிச் சாய்த்த தெம்பில், 9,000 குதிரைவீரர்கள் தன்யூப் கரையிலிருந்த ரோம மாகாணமான மோசியாவுக்குள் புகுந்தார்கள். வந்தது கொள்ளைக்கு, அணிவகுப்பு கிடையாது, சிதறிக் கிடந்தார்கள், மூட்டை வேறு.

அன்றைக்கு மழை, பனி இளகிவிட்டது. குதிரைக்குக் கால் நிற்கவில்லை. அவர்களுடைய பலமே பாய்ச்சலின் வேகம்தான். அது போனால் நீண்ட ஈட்டிக்கு வேலையில்லை. ஈட்டியானாலும் வாளானாலும் இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், ஆகவே கேடயமும் இல்லை. காலை ஊன்ற அங்கவடியும் அங்கே அந்தக் காலத்தில் கிடையாது. கவசம் வெட்டைத் தாங்கும், வாஸ்தவம். ஆனால் இளகின பனியில் விழுந்தவனால் அதோடு எழுந்திருக்க முடியவில்லை. இலேசான கவசம் போட்ட ரோமக் காலாட்கள் எறிஈட்டியை வீசிவிட்டு நெருங்கி, குட்டை வாளால் குத்தினார்கள். தப்பிய சிலர் சதுப்பில் ஒளிந்து, காயத்திலும் குளிரிலும் செத்தார்கள்.

வென்ற மோசியா ஆளுநருக்கு ரோமில் சிலை வைத்தார்கள். ஐம்பது வருஷம்கூட ஆகவில்லை. ஹாத்ரியன் பேரரசரானபோது, ரோம் தரும் உதவித்தொகை குறைந்துவிட்டதென்று ரொக்சொலானி அரசர் புகார் செய்ய, அவர் பேசித் தீர்த்துவைத்தார்.