49 நாளில் பிறந்த ஜீப்

(திரையில்: மலைப்பாதையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஏறும் பழைய ஜீப்)

போலீஸ் ஜீப், வனத்துறை ஜீப், தேர்தல் பிரசார ஜீப், போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப். ஒரு நிறுவனத்தின் பெயர் என்ற நினைப்பே இல்லாமல், ஒரு வண்டி வகையின் பெயராக அது நம் நாவில் ஊறிவிட்டது. அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப்பைப் பம்பாயில் பொருத்தி விற்றுத்தான் மகிந்திரா நிறுவனம் வண்டித் தொழிலுக்குள் வந்தது. அதனால் ஜீப்பை உருவாக்கியது வில்லிஸ் என்றே நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். முதல் ஜீப்பைச் செய்தவர்கள் வேறு. அவர்கள் பெயரை உரக்கச் சொல்லத்தான் இந்த வீடியோ.

(திரையில்: குதிரைப்படை, பக்கப்பெட்டி வைத்த மோட்டார் சைக்கிள்)

படைக்கு முன்னால் போய் எதிரி எங்கே இருக்கிறான் என்று பார்த்து வருவது உளவுப் பிரிவின் வேலை. அமெரிக்க இராணுவத்தில் அதற்கு 1930களிலும் குதிரையும் மோட்டார் சைக்கிளும்தான் இருந்தன. மோட்டார் சைக்கிள் சேற்றில் சிக்கிக்கொள்ளும். லாரியோ தொலைவிலிருந்தே கண்ணில் படும். 1937இல் ஃபோர்ட் பென்னிங் முகாமில் கேப்டன் ஹோவி, சார்ஜென்ட் வைலி என்ற இருவர் தாங்களே ஒரு குட்டி வண்டியைச் செய்து பார்த்தார்கள். இரண்டு பேர் அதில் குப்புறப் படுத்தபடி போக வேண்டும். ஒருவர் ஓட்ட, மற்றவர் இயந்திரத் துப்பாக்கியைப் பிடிக்க வேண்டும். வண்டிக்கு ஸ்பிரிங் கிடையாது. மேட்டிலும் பள்ளத்திலும் அடிபட்டது படுத்திருந்தவர்களின் வயிறுதான்! அந்த வண்டி தேறவில்லை. ஆனால் தரையோடு தரையாகத் தாழ்ந்து ஓடும் வண்டி என்ற எண்ணம் தங்கிவிட்டது.

இரண்டாம் உலகப் போரில், 1940 ஜூனில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்தது. அதுவரை ஆற அமர யோசித்துக்கொண்டிருந்த அமெரிக்க இராணுவத்துக்கு அவசரம் பிடித்தது. ஜூலை 11 அன்று 135 நிறுவனங்களுக்கு டெண்டர் அழைப்பு போனது. நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை போக வேண்டும். 270 கிலோ பாரம் சுமக்க வேண்டும். ஆனால் வண்டியின் எடை 590 கிலோவைத் தாண்டக் கூடாது. வேலை கையில் கிடைத்ததிலிருந்து 49 நாளில் மாதிரி வண்டி வர வேண்டும்; 75 நாளுக்குள் 70 வண்டிகள்.

ஒப்பந்தப்புள்ளி கொடுத்தவை இரண்டே நிறுவனங்கள். ஒன்று வில்லிஸ் ஓவர்லேண்ட். இன்னொன்று அமெரிக்கன் பேண்டம்.

(திரையில்: பென்சில்வேனியா வரைபடம், பட்லர் நகரம்)

பட்லரில் இருந்த பேண்டம், இங்கிலாந்தின் ஆஸ்டின் செவன் காரின் வழியில் குட்டிக் கார்கள் செய்துவந்த நிறுவனம். பெரிய கார்களை விரும்பிய அமெரிக்கர்கள் அவற்றை வாங்கவில்லை. 1940இல் ஆலை ஏறத்தாழ நின்றே போயிருந்தது. வடிவமைக்கப் பொறியாளர்கூட இல்லை. வெளியிலிருந்து கார்ல் ப்ராப்ஸ்ட் என்பவரை அழைத்தார்கள். டெண்டர் கிடைத்தால்தான் சம்பளம் என்ற நிலையில் அவர் ஒப்புக்கொண்டார். ஜூலை 17 அன்று பட்லர் வந்தவர், இரண்டு நாளில் வண்டியின் வரைபடத்தை முடித்தார்.

எடைதான் இடித்தது. 590 கிலோவுக்குள் அப்படியொரு வண்டியை யாராலும் செய்ய முடியாது என்று ப்ராப்ஸ்டுக்குத் தெரியும். ஆனாலும் தாளில் வரம்புக்கு உட்பட்ட எடையையே எழுதிக் கொடுத்தார்கள். அது நேர்மையா என்று கேட்கலாம். இராணுவம் வைத்த வரம்பே நடக்காத எடை என்பதையும் சேர்த்தே எண்ணிப்பார்க்க வேண்டும். வில்லிஸ் கேட்ட விலை குறைவு. ஆனால் 49 நாளில் முடியாது என்றது. வேலை பேண்டமுக்குப் போனது.

(திரையில்: அடிச்சட்டத்தின் மேலிருந்து பார்க்கும் படம்)

சாதாரணக் காரில் அப்போது முன்சக்கரம் திரும்ப மட்டும் செய்யும். தள்ளுவது பின்சக்கரத்தின் வேலை. நான்கும் இழுக்க வேண்டுமென்றால், முன்சக்கரம் வளைந்து திரும்பும்போதும் அதற்கு விசை அறுபடாமல் போக வேண்டும். அதற்கேற்ற மூட்டு வேண்டும். கியர் பாக்ஸிலிருந்து வரும் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்க டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற பெட்டி வேண்டும். முன்னால் போகும் தண்டை எஞ்சினுக்கு அடியில் விட்டால் வண்டி உயர்ந்துவிடும். எனவே தண்டும், அதன் விசையை இரண்டு சக்கரங்களுக்கும் பிரிக்கும் டிஃபரன்ஷியலும் ஒரு பக்கமாக ஒதுங்கி, எஞ்சினுக்கு அருகில் ஓடும்படி அமைந்தன. ஜீப்பின் அந்தத் தாழ்ந்த உருவத்தின் இரகசியம் இதுதான். ஆக்சில்களைப் புதிதாகச் செய்ய நேரமில்லை. ஸ்டூடிபேக்கர் காரின் ஆக்சிலை எடுத்து ஸ்பைசர் நிறுவனம் மாற்றிக் கொடுத்தது. கான்டினென்டல் நிறுவனத்தின் எஞ்சின் வந்து சேர்ந்தது. தகடுகளை ஹெரால்டு கிறிஸ்டும் அவருடைய ஆட்களும் கையால் தட்டி வளைத்தார்கள்.

கெடு: செப்டம்பர் 23, மாலை 5 மணி, பால்டிமோர் அருகே ஹோலாபேர்டு முகாம். லாரியில் ஏற்றி அனுப்பவில்லை. ப்ராப்ஸ்டும் கிறிஸ்டும் சுமார் 370 கிலோமீட்டர் தாங்களே ஓட்டிப் போனார்கள். புது எஞ்சின் என்பதால் முதலில் மெல்ல ஓட்டி, நேரம் நெருங்க நெருங்க விரட்டினார்கள். முகாம் வாயிலுக்குள் நுழைந்தபோது மணி நான்கரை.

இந்த அரை மணி நேரத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

எடை 830 கிலோவுக்கும் மேல் இருந்தது. சேற்றில் சிக்கினால் ஆட்கள் தூக்க முடியுமா என்று கேள்வி எழுந்தபோது, அங்கிருந்த திடகாத்திரமான குதிரைப்படை அதிகாரி ஒருவர் வண்டியின் பின்பக்கத்தைத் தானே தூக்கிப் பார்த்துத் தலையசைத்தாராம். ப்ராப்ஸ்ட் பின்னாளில் சொன்னது இது. பிறகு மணலிலும் சேற்றிலும் மேட்டிலும் சுமார் 5,500 கிலோமீட்டர் ஓட்டி வதைத்தார்கள். அங்கங்கே உடைந்தது, வளைந்தது. ஆனால் வண்டி தேறியது.

(திரையில்: மூன்று மாதிரி வண்டிகள் அருகருகே)

சிறிய ஆலையால் போருக்குத் தேவையான எண்ணிக்கையைக் கொடுக்க முடியாது என்று இராணுவம் கருதியது. பேண்டமின் வரைபடங்கள் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் காட்டப்பட்டன. நவம்பரில் அவர்கள் தங்கள் மாதிரிகளோடு வந்தார்கள். அவர்கள் பங்கையும் மறைக்கக் கூடாது. வில்லிஸின் பார்னி ரூஸ் செம்மைப்படுத்திய 60 குதிரைத்திறன் எஞ்சின் மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டது. தட்டையான முன்மூடியும், விளக்குகள் உள்ளடங்கிய முகப்பும் ஃபோர்டு தந்தவை. 1941 ஜூலையில் பெரிய ஒப்பந்தம் வில்லிஸுக்குப் போனது. பின்னர் ஃபோர்டும் அதே வண்டியைச் செய்தது. இருவரும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் செய்து குவித்தார்கள். பேண்டம் செய்தது மொத்தம் 2,700க்கும் குறைவு. அவற்றிலும் பெரும்பாலானவை பிரிட்டனுக்கும் சோவியத் நாட்டுக்கும் போய்விட்டன. போர் முடியும்வரை அந்த ஆலை, ஜீப்புக்குப் பின்னால் இழுத்துப் போகும் டிரெய்லர்களைச் செய்தது. ஜீப்பைப் பெற்ற ஆலைக்கு அதன் வால்தான் மிஞ்சியது.

ஜீப்பை உருவாக்கியது தாங்களே என்று வில்லிஸ் விளம்பரம் செய்தது. அமெரிக்க வர்த்தக ஆணையம் 1943இல் அதன்மேல் வழக்குத் தொடுத்தது. ஜீப் என்ற எண்ணம் பேண்டமும் இராணுவ அதிகாரிகளும் சேர்ந்து உருவாக்கியது என்று 1948இல் தீர்ப்பு வந்தது. ஆனாலும் 1950இல் ‘ஜீப்’ என்ற பெயர் வில்லிஸின் வணிகச் சின்னமாகப் பதிவானது.

(திரையில்: அருங்காட்சியகத்தில் நிற்கும் பேண்டம்)

ஹோலாபேர்டுக்கு ஓடிய அந்த முதல் வண்டி இன்று இல்லை. அதைத் தொடர்ந்து செய்த வண்டிகளில் 7ஆம் எண் தப்பிப் பிழைத்திருக்கிறது. பட்லரிலிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில், பிட்ஸ்பர்க் வரலாற்று மையத்தில் அதைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.