ஆறு கிண்ணமும் ஒரு பீரங்கியும்

நடுவர் அவர்களே, பெரியோர்களே, வணக்கம். ஆசியக் கடலை ஐரோப்பியர் பிடித்தது வாணிகத் திறமையாலா, பீரங்கியாலா என்பது கேள்வி. எதிரணி அண்ணன் "திறமை, திறமை" என்று மேசையைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறார். அந்தத் திறமையின் பெட்டியைத் திறந்துதான் பார்ப்போமே!

1498 மே மாதம். வாஸ்கோட காமா கோழிக்கோடு வந்து சேர்கிறார். கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரிக்கு அவர் எடுத்து வைத்த காணிக்கையை, கூட வந்த ஒருவரே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். கோடு போட்ட துணி 12, தொப்பி 6, பவளச் சரம் 4, கை கழுவுகிற கிண்ணம் 6, ஒரு பெட்டி சர்க்கரை, கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் தேன். அரண்மனை ஆட்கள் சிரித்துவிட்டார்கள். மக்காவிலிருந்து வருகிற பரம ஏழை வியாபாரிகூட இதைவிட அதிகம் கொடுப்பானே என்றார்கள். நடுவர் அவர்களே, நம்ம வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு இதைவிட நல்ல பாத்திரம் வருமா வராதா?

1502-ல் அதே காமா மறுபடி வந்தார். இந்தத் தடவை கிண்ணம் இல்லை. மக்காவிலிருந்து திரும்பிய கப்பலைப் பயணிகள் உள்ளே இருக்கும்போதே கொளுத்தினார். கோழிக்கோட்டின் மேல் குண்டு விழுந்தது.

அடுத்து 'கர்த்தாஸ்' வந்தது. அதாவது, கப்பல் ஓட்டப் போர்த்துகீசியரிடம் காசு கொடுத்து வாங்கும் அனுமதிச் சீட்டு. சீட்டு இல்லாமல் மாட்டினால் சரக்கும் போச்சு, கப்பலும் போச்சு. குஜராத்தியும் அரபியும் தமிழனும் தலைமுறை தலைமுறையாக ஓடிய கடலில், நேற்று வந்தவர் சுங்கச்சாவடி போட்டுவிட்டார்!

மலாக்காவில் நம்மவரான தமிழ் வணிகர் நினா சட்டு போர்த்துகீசியரோடு சேர்ந்து பெரிய பதவிக்கு வரவில்லையா என்று கேட்டார் அண்ணன். வந்தார். 1511-ல் பீரங்கி ஊரைப் பிடித்த பிறகு வந்தார். 1514-ல் அந்தப் பதவியைப் பிடுங்கி வேறொருவருக்குக் கொடுத்தார்கள். அவர் தீ வளர்த்து அதில் இறங்கினார் என்று போர்த்துகீசியரே எழுதி வைத்திருக்கிறார்கள்.

டச்சுக்காரர் பழவேற்காட்டில் வெள்ளி கொடுத்துத்தானே துணி வாங்கினார்கள்? உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் துணி கப்பலேறிப் போன கிழக்கே என்ன நடந்தது? ஜாதிக்காய் அப்போது விளைந்தது இன்றைய இந்தோனேசியாவில் இருக்கும் பாண்டாத் தீவுகளில் மட்டும்தான். எங்களுக்கு மட்டுமே விற்க வேண்டும் என்று டச்சுக் கம்பெனி ஒப்பந்தம் எழுதி வாங்கியது. பாண்டாக்காரர்கள் ஆங்கிலேயருக்கும் விற்றார்கள், ஜாவாக்காரர்களுக்கும் விற்றார்கள். 1621-ல் கம்பெனியின் தலைமை ஆளுநர் யான் பீட்டர்சூன் கூன் படையோடு இறங்கினார். வெட்டுப்பட்டும் பட்டினி கிடந்தும் செத்தவர்கள் போக, பிடிபட்டவர்களை அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். சுமார் 15,000 பேரில் அங்கே மிஞ்சியவர்கள் ஆயிரம் பேர் அளவுதான். மரங்களைக் கம்பெனி ஆட்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்து, காய் பறிக்க வெளியூர் அடிமைகளைக் கொண்டுவந்தார்கள்.

பக்கத்துக் கடைக்காரர் இன்னொருவருக்கும் சரக்குக் கொடுத்தார் என்பதற்காக அவரைக் குடும்பத்தோடு தீர்த்துவிட்டுக் கல்லாவில் உட்காருவதை எந்த ஊர்ச் சந்தையில் வியாபாரம் என்று சொல்வார்கள்? அடுத்துப் பேச வருகிற எதிரணி அக்கா அதற்குப் பதில் சொல்லிவிட்டுத் தன் பேச்சைத் தொடங்கட்டும்.