எஸ்றா ஏன் இரண்டு முறை எடை போட்டார்?

அன்பான நேயர்களே, உங்கள் எல்லாருக்கும் என் ஸ்தோத்திரம். டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் பக்கமெல்லாம் இந்நேரம் ஆராதனைக்குப் புறப்படுகிற அவசரம் இருக்கும். சட்டைக்கு இஸ்திரி போட்டபடியே கேளுங்கள், பிள்ளைகளைக் காரில் ஏற்றியபடியே கேளுங்கள். வேதாகமம் பக்கத்தில் இருந்தால் எஸ்றா எட்டாம் அதிகாரத்தைத் திறந்து வையுங்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நான் சொல்லிக்கொண்டே போகிறேன்.

"கர்த்தரை நம்பிக் காலடி எடுத்து வை" என்று எல்லாச் சபையிலும் சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். கேட்கிறவர் வீட்டுக்குப் போய் என்ன செய்வார்? வேலையை விடுவதா, பென்ஷனை எடுப்பதா, பெரிய கூடாரத்துக்கு முன்பணம் கட்டுவதா, எதை முதலில் செய்வது? அங்கேதான் நாம் பலரைத் தனியாக விட்டுவிடுகிறோம். அந்த இடத்தில் கைபிடித்து நடத்துகிற அதிகாரம் எஸ்றா எட்டு. நம் பிரசங்கங்களில் அது வருவது குறைவு. பேர்ப்பட்டியலில் தொடங்குவதால் தாண்டிப் போய்விடுகிறோம். தயவுசெய்து தாண்டாதீர்கள்.

ஆசாரியனும் வேதபாரகனுமான எஸ்றா பாபிலோனிலிருந்து எருசலேமுக்குப் போகிறார், பெர்சியாவின் அர்தசஷ்டா ராஜாவுடைய ஏழாம் வருஷத்தில். அந்தப் பட்டியலைக் கூட்டினால் ஆண்கள் மட்டும் ஏறக்குறைய 1,500 பேர். பெண்களும் குழந்தைகளும் தனி. சுற்றிப்போகிற பாதை, டர்பனிலிருந்து கேப் டவுனுக்குப் போகிற தூரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. அத்தனையும் நடை. முதலாம் மாதம் முதல் தேதி புறப்பட்டு, ஐந்தாம் மாதம் முதல் தேதி போய்ச் சேர்ந்தார்கள். வழியெல்லாம் கொள்ளைக்காரர் பதுங்குகிற இடங்கள். இவர்கள் கையிலோ ஆலயத்துக்கான வெள்ளியும் பொன்னும்.

ராஜாவிடம் குதிரைவீரரைக் கேட்டிருக்கலாம். கேட்டால் கிடைத்திருக்கும். எஸ்றா கேட்கவில்லை. காரணத்தை அவரே எழுதுகிறார்: கேட்க வெட்கமாயிருந்தது. தம்மைத் தேடுகிறவர்கள்மேல் தேவனுடைய கரம் நன்மையாயிருக்கிறது என்று ராஜாவிடம் முன்னமே சொல்லிவிட்டார். சொன்ன வாய் மறுபடி போய்ப் படையைக் கேட்கக் கூசிற்று. அதனால் ஆகாவா நதியோரத்தில் உபவாசம் கூறி, செவ்வையான வழிக்காக ஜெபம் பண்ணினார்கள்.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 13 வருஷம் கழித்து நெகேமியா அதே ராஜாவிடமிருந்து எருசலேமுக்குப் புறப்பட்டார். அவரோடு இராணுவச் சேர்வைக்காரரும் குதிரைவீரரும் வந்தார்கள். அவர் அதை மறுக்கவில்லை. நெகேமியாவின் விசுவாசம் குறைவு என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. படை வேண்டாம் என்றது, எஸ்றா தாம் கொடுத்த சாட்சியினிமித்தம் தமக்கென்று எடுத்த தீர்மானம். மற்றவர்களுக்கு அவர் அதைச் சட்டமாக்கவில்லை. உங்கள் பக்கத்து வீட்டுச் சகோதரர் சம்பளமில்லாமல் ஊழியத்துக்கு இறங்கினார் என்பதற்காக நீங்களும் இறங்கவேண்டும் என்றில்லை. கர்த்தர் உங்களிடம் என்ன கேட்டார் என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

சரி, படை வேண்டாமென்று தீர்மானித்தவர் வேறு என்ன செய்தார்? அன்று சாயங்காலமே "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று மூட்டையைத் தூக்கிவிட்டாரா? இல்லை. உபவாசத்துக்கு முன்பே அந்த நதியோரத்தில் மூன்று நாள் கூடாரம் போட்டு, வந்தவர்களைப் பார்வையிட்டார். லேவியர் ஒருவர்கூட இல்லை. ஆலய வேலைக்குப் போகிற கூட்டத்தில் ஆலய வேலைக்காரர் இல்லை! ஆள் அனுப்பி, கசிப்பியா என்ற இடத்திலிருந்து 38 லேவியரையும், அவர்களுக்கு உதவியாக 220 பேரையும் வரவழைத்தார். நதியை விட்டுக் கிளம்பினது பன்னிரண்டாம் தேதி. ஆள் குறைவென்று நின்றது அவிசுவாசம் ஆகவில்லை.

பிறகு தராசை எடுத்தார். நான் வருகிற இடமெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்றும் சொல்வேன். பன்னிரண்டு பேரைப் பிரித்து நிறுத்தி, அவர்கள் கையில் எடை போட்டுக் கொடுத்தார்: வெள்ளி 650 தாலந்து, நூறு தாலந்து நிறையான வெள்ளிப் பாத்திரங்கள், பொன் நூறு தாலந்து, இருபது பொற்கிண்ணிகள், பொன்னைப்போல் மினுங்குகிற வெண்கலப் பாத்திரம் இரண்டு. ஒரு தாலந்தை 30 கிலோ என்று வைத்தால் முதலில் சொன்ன அந்த வெள்ளி மட்டுமே ஏறக்குறைய 20 டன். அந்த 20 டன்னோடு இரண்டே இரண்டு வெண்கலப் பாத்திரத்தையும் விடாமல் எழுதினார்கள் பாருங்கள். எருசலேமில் சேர்ந்ததும் மூன்று நாள் இளைப்பாறி, நாலாம் நாள் ஆலயத்தில் மறுபடி எடை. கொடுத்தவர்கள் வேறு, நிறுத்து வாங்கினவர்கள் வேறு. நான்கு பேருடைய பெயர் எழுதியிருக்கிறது. எண்ணிக்கையும் நிறையும் பதிவாயிற்று.

இப்போதுதான் ரேடியோவைத் திறந்தவர்களுக்காகத் திரும்பச் சொல்கிறேன்: காவலுக்கு ஒரு சேவகனும் வேண்டாமென்று தேவனை நம்பின அதே மனிதர், புறப்படுகிற இடத்திலும் சேருகிற இடத்திலும் எடை போட்டார்.

ஏன்? தராசு கொள்ளைக்காரனைத் தடுக்காது. பட்டியலைக் காட்டினால் திருடன் திரும்பிப் போகமாட்டான். வழியில் காப்பாற்றினது தேவன் ஒருவரே, அதை எஸ்றா தெளிவாகச் சொல்கிறார். தராசு நமக்காக. சுமக்கிற கை சுத்தமாயிருக்க, பின்னால் ஒருவன் சந்தேகத்தோடு பார்க்க இடமில்லாதிருக்க. வெளியிலிருந்து வருகிற ஆபத்துக்கு ஜெபம் பண்ணினார், உள்ளேயிருந்து வருகிற ஆபத்துக்குக் கணக்கு எழுதினார். நம் சபைகளில் முதலாவது உண்டு, இரண்டாவது இல்லை. கராஜில் தொடங்கி, கூடாரத்தில் வளர்ந்து, பத்து வருஷத்தில் கட்டிடம் கட்டின சபைகள் இந்த ஊரில் எத்தனை! அவற்றில் உடைந்தவை காணிக்கைப் பையில்தான் அதிகம் உடைந்தன.

ஆகவே காணிக்கையை எண்ணுகிற முறையைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆராதனை முடிந்த உடனே, அதே கட்டிடத்தில், உறவில்லாத இரண்டு பேர் எண்ணவேண்டும். கணவனும் மனைவியும் ஒரே ஆள் கணக்கு. முதலாமவர் எண்ணி ஒரு துண்டுத் தாளில் எழுதி மடித்து வைக்கட்டும், இரண்டாமவர் அதைப் பார்க்காமல் எண்ணட்டும். இரண்டும் ஒத்தால் புத்தகத்தில் ஏற்றி இருவரும் கையெழுத்து. ஒத்துவராவிட்டால் இருவரும் சேர்ந்து மறுபடி. திங்கட்கிழமை சபையின் பேரிலுள்ள கணக்கில் போட்டு, வங்கிச் சீட்டை அந்தப் பக்கத்திலேயே ஒட்டவேண்டும். அதுதான் எருசலேமின் எடை. கணக்கிலிருந்து எடுக்க இரண்டு கையெழுத்து. எங்கே கெடுகிறது தெரியுமா? எண்ணுமுன் எடுப்பதில். "போதகருக்குப் பெட்ரோல் இருநூறு ரேண்ட், இதிலிருந்தே கொடுத்துவிடுவோம்." நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்த இருநூறு எந்தப் புத்தகத்திலும் வராது. செலவு எதுவானாலும் எண்ணினபிறகு, எழுதினபிறகு.

பிரிஸ்டலில் 1836-ல் அநாதைப் பிள்ளைகளுக்கு வீடு திறந்த ஜார்ஜ் முல்லரை விசுவாச வீரர் என்று எல்லாரும் சொல்வோம். மனிதரிடம் கேட்கமாட்டார், கடன் வாங்கமாட்டார், பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். இதெல்லாம் பிரசங்கத்தில் வரும். வந்த காசுக்கெல்லாம் ரசீது கொடுத்தார், வருஷாவருஷம் கணக்கை அச்சிட்டார் என்பது வராது. இரண்டும் ஒரே மனிதர் செய்தது.

இனி, வேலையை விட்டு முழுநேர ஊழியத்துக்கு வர நினைக்கிறவர்களுக்கு. கோபுரம் கட்ட மனதுள்ளவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்றவர் நம் ஆண்டவர். உட்காருங்கள். கடைசி மூன்று மாத வங்கிக் கணக்கை எடுத்துச் செலவைக் கூட்டுங்கள், சம்பளத்தை அல்ல. மாதாமாதம் வராததையும் சேருங்கள்: ஜனவரியில் பள்ளிக் கட்டணம், யூனிஃபார்ம், கார் லைசென்ஸ், டயர். மெடிக்கல் எய்டில், அதாவது மருத்துவக் காப்பீட்டில், முதலாளி கட்டுகிற பங்கையும் சேருங்கள், பலர் அதில்தான் விழுகிறார்கள். கடைக் கணக்கும் கிரெடிட் கார்டும் தீரும்வரை ராஜினாமாக் கடிதத்தை எழுதாதீர்கள். பிறகு ஆறு மாதச் செலவு கையில் இருக்கட்டும். தானாக வேலையை விட்டவருக்கு யூ.ஐ.எஃப். என்கிற வேலையிழப்புக் காப்பீட்டுப் பணம் கிடைக்காது, அதை நம்பி இறங்கவேண்டாம். 2024 செப்டம்பர் 1 முதல் பென்ஷனின் சேமிப்புப் பகுதியிலிருந்து வரி ஆண்டுக்கு ஒரு தடவை எடுக்கலாம், குறைந்தது 2,000 ரேண்ட். எடுப்பது அந்த வருஷ வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும். விண்ணப்பத்தில் எழுதின தொகை முழுசாகக் கைக்கு வராது. அதை எதிர்பார்த்து ஸ்பீக்கருக்கு ஆர்டர் கொடுத்துவிட்டால் கடன்தான்.

இவ்வளவு கணக்குப் பார்த்தால் விசுவாசத்துக்கு எங்கே இடம் என்று கேட்பீர்கள். அந்த ஆறு மாதப் பணம் தீர்ந்தபின் வருகிற ஏழாம் மாதத்தில் இருக்கிறது இடம்! எடை போட்டு முடித்தபிறகும் எஸ்றாவுக்கு முன்னால் அத்தனை தூரம் கிடந்தது, ஒரு குதிரைவீரன்கூட இல்லாமல்.

மருந்து விஷயத்தை விட்டுவிட்டுப் போகமுடியாது. ஜெபம் பண்ணியாயிற்று, இனி மாத்திரை வேண்டாம் என்று யாராவது மேடையிலிருந்து சொன்னால் கேட்காதீர்கள். டைப் 1 சர்க்கரை நோயாளி இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்து. காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். இருமல் நின்றதென்று இடையில் விட்டால், மிஞ்சின கிருமி அந்த மருந்துக்கு அடங்காததாகிவிடலாம். எச்.ஐ.வி.க்குக் கொடுக்கிற ஏ.ஆர்.வி. மாத்திரையும் அப்படியே, நிறுத்தினால் வைரஸ் திரும்ப ஏறும். எசேக்கியா ராஜாவுக்குக் கர்த்தர் பதினைந்து வருஷம் கூட்டிக்கொடுத்தார். வாக்குக் கொடுத்தபிறகுதான் ஏசாயா, அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார். வாக்கும் இருந்தது, பற்றும் இருந்தது. கிளினிக் நர்சம்மாவிடம் கேட்டு, பரிசோதனை பார்த்து, அவர் குறைக்கச் சொன்னால் குறையுங்கள். சுகமாக்கினவர் பரிசோதனைக்குப் பயப்படுகிறவர் அல்ல.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். அனுப்புகிற சபையைப் பற்றி விரிவாகப் பேச வைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். அந்தியோகியாவில் பவுலையும் பர்னபாவையும் சபை உபவாசித்து, கைவைத்து அனுப்பிற்று. 1903-ல் நெல்லூரிலிருந்து நேட்டாலுக்கு வந்த ஜான் ரங்கையாவும் தாமாகக் கப்பலேறவில்லை, அங்குள்ள தெலுங்கு பாப்டிஸ்ட் சபைகளின் மிஷன் சங்கம் அனுப்பித்தான் வந்தார். உங்களை அனுப்புகிறவர்கள் யார், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்து உங்களிடம் கேள்வி கேட்கப்போகிறவர்கள் யார்? மூன்று பெயர் எழுத முடியாவிட்டால் எஸ்றா லேவியருக்காக நின்றதுபோல் நில்லுங்கள்.

கடைசியாக, வீட்டுக்காரம்மாவைப் பற்றி. "கர்த்தர் என்னிடம் சொல்லிவிட்டார்" என்று சொல்லி வாயை அடைக்காதீர்கள். அந்தச் செலவுத் தாளை இரண்டு பேரும் சேர்ந்து எழுதுங்கள். அவர்கள் பயப்படுகிற இடத்தில் பெரும்பாலும் நீங்கள் விட்டுப்போன ஒரு வரி இருக்கும், அதையும் தாளில் சேருங்கள். எஸ்றா 8, பதினைந்தாம் வசனத்திலிருந்து முப்பத்துநாலு வரை. நெகேமியா 2, முதல் ஒன்பது வசனம். இந்த வாரம் குடும்ப ஜெபத்தில் இரண்டையும் சேர்த்து வாசியுங்கள். ஸ்தோத்திரம்.