புழுவெட்டும் சிறு நன்கொடைகளும்

நேயர்களுக்கு வணக்கம்.

தலையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு முடி வட்டமாகக் கொட்டிவிடும். புழுவெட்டு என்போம். பலருக்கு ஒன்றிரண்டு திட்டோடு நின்று, தானாகவே முடி முளைத்துவிடும். சிலருக்குத் தலை முழுக்க, புருவம், இமை வரை போய்விடும். உயிரைப் பறிக்காத நோய்தானே என்று ஆராய்ச்சிப் பணம் இதன் பக்கம் எளிதில் வருவதில்லை. பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழும் பிள்ளைக்கு அந்த வாதம் புரியுமா?

பெரிய நிதி கேட்டு ஓர் ஆய்வாளர் விண்ணப்பித்தால், நிபுணர் குழு முதலில் கேட்பது, “கையில் ஆரம்பத் தரவு என்ன இருக்கிறது?” என்பதைத்தான். அந்தத் தரவைச் சேர்க்கவே பணம் வேண்டும். நீச்சல் கற்ற பிறகுதான் ஆற்றில் இறங்கலாம் என்பது போன்ற நிலைமை இது. இந்த இடத்தில்தான் நோயாளிகளும் அவர்கள் குடும்பங்களும் நடத்தும் தொண்டு அமைப்புகளின் சிறு தொகைகள் உதவுகின்றன. ஓர் ஆண்டுக்கு ஓர் ஆராய்ச்சி மாணவரின் சம்பளம், கொஞ்சம் ரசாயனங்கள், சில எலிகள், நோயாளிகளின் ரத்த மாதிரிகளைப் பாதுகாத்து வைக்கும் செலவு. ஆய்வாளர்கள் கேட்பது அவ்வளவுதான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மரபணு ஆய்வாளர் ஏஞ்சலா கிறிஸ்டியானோ. அவருக்கே புழுவெட்டு உண்டு. அவருடைய குழு ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுக்களை, நோய் இல்லாதவர்களின் மரபணுக்களோடு ஒப்பிட்டு 2010-இல் முடிவுகளை வெளியிட்டது. இதைச் சொரியாசிஸ் போன்ற தோல் நோய்களின் உறவாகவே பலர் நினைத்திருந்தார்கள். மரபணுக்கள் வேறு கதை சொல்லின. முடக்குவாதம், முதல் வகை நீரிழிவு போன்ற நோய்களோடுதான் இதற்கு நெருக்கம் அதிகம் என்று தெரிந்தது. அந்த நோய்களைப் போலவே இதிலும் உடலின் காவல் செல்களே சொந்த உடலை, இங்கே முடியின் வேர்ப்பையை, தாக்குகின்றன. வேர்ப்பை அழிவதில்லை, முடி வளர்க்கும் வேலையை நிறுத்திவிடுகிறது. முடி திரும்ப முளைக்க வாய்ப்பு இருப்பதும் அதனால்தான்.

சரி, அப்படியானால் முடக்குவாதம் போன்ற நோய்களுக்கு ஏற்கெனவே இருக்கும் மருந்துகள் இங்கே உதவுமா? தாக்கும் செல்களுக்குப் போகும் சமிக்ஞையை மறிக்கும் ஜாக் தடுப்பான்களை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். முடி வளர்ந்தது. பிறகு மூன்று நோயாளிகளுக்கு அந்த வகையைச் சேர்ந்த ரக்சோலிடினிப் மாத்திரை கொடுத்தார்கள். சில மாதங்களிலேயே அவர்களுக்கும் முடி நன்றாக வளர்ந்தது. இது 2014-இல் வெளியானது. அந்த ஆய்வுக்கு நிதி கொடுத்தவர்களில் அமெரிக்க அரசோடு, ‘லாக்ஸ் ஆஃப் லவ்’ என்ற தொண்டு அமைப்பும் உண்டு. தானமாக வரும் முடியில், முடி இழந்த குழந்தைகளுக்கு விக் செய்து கொடுப்பவர்கள் அவர்கள். விக் கொடுப்பதோடு நிற்காமல், முடி ஏன் கொட்டுகிறது என்ற கேள்விக்கும் பணம் கொடுத்தார்களே, அதை நான் மிகவும் மதிக்கிறேன்.

2022 ஜூன் மாதம், தீவிரப் புழுவெட்டுக்கு, இன்னொரு ஜாக் தடுப்பானான பாரிசிடினிப் மாத்திரையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது. அந்த நோய்க்கென்றே அங்கு அனுமதி பெற்ற முதல் மாத்திரை அது. தயவுசெய்து மருத்துவரைக் கேட்காமல் இதை வாங்கிச் சாப்பிடாதீர்கள். தொற்று, ரத்தக்கட்டு போன்ற ஆபத்துகள் உண்டு.

எல்லாச் சிறு நிதியும் மருந்தில் போய் முடியாது. பல ஆய்வுகள் “இந்த வழி இல்லை” என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். கொடுப்பவர்கள் இதைத் தெரிந்தே கொடுக்க வேண்டும். ஒரு வழி அடைபட்டது என்று தெரிவதும் அடுத்தவருக்குக் காலத்தை மிச்சப்படுத்தும்.

இந்த நோயிலேயே வேலை இன்னும் நிறைய இருக்கிறது. மாத்திரையை நிறுத்தினால் பலருக்கு முடி மறுபடியும் கொட்டுகிறது. முதல் தாக்குதல் எதனால் தொடங்குகிறது, அதை ஒரேயடியாக நிறுத்த முடியுமா என்பதற்கு இன்னும் முழு விடை இல்லை. அந்தக் கேள்வியோடு ஓர் இளம் ஆய்வாளர் வந்தால், அவருக்கும் முதலில் தேவைப்படுவது அந்த ஓர் ஆண்டுச் செலவுதான்.

நன்றி, வணக்கம்.