கதாநாயகனுக்குப் பின்னால்

அனைவருக்கும் வணக்கம். சினிமாவைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் படம் எடுத்தவன் இல்லை; படம் எடுத்த தெருவில் குடியிருப்பவன். அந்த ஒரு தகுதியில்தான் இந்த மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

எங்கள் தெருவில் மூன்று நாள் ஷூட்டிங் நடந்தது. படத்தில் அது நாலு நிமிடம் வந்தால் அதிகம். அந்த நாலு நிமிடமும் கதாநாயகன் என்ன பேசினான் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவன் தோளுக்குப் பின்னால் எங்கள் வீட்டு கேட் தெரிந்தது. நான் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏதோ சோகமான இடம் போலிருக்கிறது.

அப்புறம் அவன் தெருமுனைக்கு ஓடி இடதுபக்கம் திரும்பினான். திரும்பினால் கடற்கரை! எங்களுக்கும் கடலுக்கும் ஒரு நாள் பயணம். அந்த முனையில் இடதுபக்கம் திரும்பினால் மதில்தான் முட்டும். தியேட்டரில் அந்த இடத்தில் சிரித்தவன் நான் ஒருவன்தான்.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. 1968இல் வந்த 'புல்லிட்' படத்தில் சான் பிரான்சிஸ்கோ தெருக்களில் ஒரு கார் துரத்தல் வரும். உலகமே வாய் பிளந்து பார்த்த காட்சி. அந்த ஊரை அறிந்தவர்கள் பார்த்தது வேறு. ஒரே திருப்பத்தில் கார் நகரத்தின் இன்னொரு மூலைக்குப் போய்விடும். அதே பச்சை நிற பீட்டில் காரைத் திரும்பத் திரும்ப முந்திக்கொண்டிருப்பார்கள். ஒரே ஓட்டத்தைப் பல கேமராக்கள் வைத்து எடுத்து, அடுத்தடுத்து ஒட்டியதால் வந்த வினை.

சரி, எங்கள் தெருவுக்கு வருகிறேன். முதல் நாள் சாயங்காலம் ஒரு தண்ணீர் லாரி வந்து தெரு முழுக்க நனைத்துவிட்டுப் போனது. மழைக் காட்சியா என்று கேட்டேன். இல்லையாம். இரவில் காய்ந்த தார் ரோடு வெளிச்சத்தையெல்லாம் விழுங்கிவிடும், கேமராவுக்கு வெறும் கறுப்பாகத்தான் தெரியும், நனைத்துவிட்டால் ஒவ்வொரு விளக்கும் தரையில் இன்னொரு தடவை எரியும் என்றார் ஒரு லைட்மேன். எட்டிப் பார்த்தேன். பல வருடமாக நான் நடக்கிற ரோடு, பளபளவென்று யாரோ பணக்காரர் வீட்டு ரோடு மாதிரி கிடந்தது.

மறுநாள்தான் மழைக் காட்சி. அன்றைக்கென்று பார்த்து நிஜமாகவே தூறியது. உடனே ஷூட்டிங்கை நிறுத்திவிட்டார்கள்! நிஜத் தூறல் கேமராவில் பதியாது. துளி பெரிதாக விழ வேண்டும், பின்னாலிருந்து லைட் அடிக்க வேண்டும். அதோடு, பாதி வசனத்தில் மழை நின்றுபோனால் ஒரு ஷாட்டும் இன்னொரு ஷாட்டும் ஒட்டாது. தூறல் நிற்கும்வரை காத்திருந்து, அப்புறம் குழாயால் மழை பெய்வித்தார்கள்.

என் மனத்தாங்கல் ஒன்று உண்டு. புதிதாக வெள்ளையடித்த எங்கள் சுவரில், பாழடைந்த வீடு மாதிரி தெரிய வேண்டுமென்று கறை பூசினார்கள். முடிந்ததும் பழையபடி ஆக்கித் தருகிறோம் என்றார்கள். கறை இன்னும் அப்படியே இருக்கிறது. அருமையான வேலைப்பாடு, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

இதற்கே புலம்பினால் அல்புகெர்க்கி நகரத்தில் அந்த வீட்டுக்காரர்கள் என்ன சொல்வது? அங்கே எடுத்த 'பிரேக்கிங் பேட்' என்ற அமெரிக்க டிவி தொடரில் கதாநாயகன் கோபத்தில் பீட்சாவைக் கூரைமேல் எறிவான். ரசிகர்கள் தேடிப் போய் அதே வீட்டுக் கூரையில் பீட்சா எறிந்தார்கள். தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகன் 2015இல், தயவுசெய்து நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார். நிற்கவில்லை. கடைசியில் வீட்டுக்காரர்கள் வேலி போட்டார்கள்.

ஆனால் இன்னொரு கதையும் இருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் பங்கர் ஹில் என்றொரு மேடு. பழைய மர வீடுகள், செங்குத்தான படிகள், மேலேயும் கீழேயும் ஆட்களை ஏற்றி இறக்க ஒரு குட்டி ரயில். 1940, 50களில் நிறையக் குற்றப் படங்களை அங்கே எடுத்தார்கள். பிறகு நகரத்தைச் சீரமைக்கிறோம் என்று வீடுகளை மொத்தமாக இடித்தார்கள். குட்டி ரயிலையும் 1969இல் கழற்றிவிட்டார்கள்; 1996இல் சற்றுத் தள்ளி வேறோர் இடத்தில் மறுபடி ஓடவிட்டார்கள். இன்றைக்கு அந்தப் பழைய தெருக்களில் நடந்து பார்க்க வேண்டுமானால் அந்தப் படங்களுக்குள்தான் போக வேண்டும். துப்பாக்கியோடு ஒருவன் படியேறி ஓடுவான். அவனை விட்டுவிடுங்கள், பின்னால் ஜன்னல்களைப் பாருங்கள். தாம் ஆண்டர்சன் 2003இல், அந்த நகரத்தில் எடுத்த படங்களின் துண்டுகளைக் கோத்தே அதைப் பற்றி ஓர் ஆவணப்படம் செய்தார். கதையை மறந்துவிட்டுப் பின்னணியைப் பார்க்கிற வேலை. கேட்டுக்குக் கண் வைத்த எனக்கு அவர் தூரத்துச் சொந்தம் மாதிரி தோன்றுகிறார்.

எங்கள் தெருமுனையில் ஒரு பெரிய மரம் நின்றது. ஷூட்டிங் முடிந்த அடுத்த வருடம் ரோட்டை அகலப்படுத்த அதை வெட்டிவிட்டார்கள். என்னிடம் ஒரு போட்டோகூட இல்லை. தினமும் பார்க்கிற மரத்தை யார் போட்டோ எடுக்கிறார்கள்? அந்தப் படத்தில் மட்டும் இருக்கிறது. கதாநாயகன் அதன்மேல் சாய்ந்துகொண்டு, ஒரு நிமிடத்துக்கும் மேலாக, நாயகியிடம் ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கிறான். பாதி மரத்தை மறைத்துக்கொண்டு. டிவியில் போடும்போதெல்லாம் பார்க்கிறேன். கொஞ்சம் தள்ளி நில்லய்யா என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன்.