"இன்டர்வியூ கிடையாது" என்று போட்டிருந்தால் கொஞ்சம் நில்லுங்கள்

(திரையில்: மேசைமேல் அதிர்ந்துகொண்டிருக்கும் போன். தெரியாத எண். யாரும் எடுக்கவில்லை.)

போன் அடித்து ஓயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஓய்ந்த பிறகு "சொல்லுங்க, என்ன விஷயம்?" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவரா நீங்கள்? இந்த வீடியோ உங்களுக்குத்தான். நானும் அப்படித்தான். இன்டர்வியூவுக்குக் கிளம்பிப் போய், அந்த ஆபீஸ் வாசலிலிருந்தே பஸ் ஏறித் திரும்பி வந்திருக்கிறேன்.

இதற்கு சோஷியல் ஆங்ஸைட்டி என்று பெயர். சமூகப் பதற்றம் என்று சொல்லலாம். கூச்சம் நாலு வார்த்தை பேசியதும் தணிந்துவிடும். இது பேசுவதற்கு மூன்று நாள் முன்பே ஆரம்பித்துவிடும். பேசி முடித்த பிறகும் "அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ" என்று ராத்திரி தூங்க விடாது. சோம்பேறித்தனம், திமிர் என்றெல்லாம் வீட்டில் சொல்வார்கள். இது சிகிச்சை உள்ள ஒரு மனநலப் பிரச்சினை.

சரி, அதனால் வீட்டிலிருந்தே வேலை தேடுகிறோம். முதலில் கண்ணில் படுவது எது?

(திரையில்: "இன்டர்வியூ இல்லை. கால் பேச வேண்டாம். வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை.")

நமக்காகவே எழுதியது மாதிரி இருக்கிறதல்லவா? யாரையும் பார்க்காமல் பிழைத்துவிட முடியாதா என்று ஏங்குகிறவர்கள்தான் இதை அழுத்துவார்கள் என்பது விளம்பரம் போடுகிறவர்களுக்குத் தெரியும்.

நான் அழுத்தினேன். பதிவுக் கட்டணம் 2,500 ரூபாய். ஐந்து நாளில் 400 பக்கம் அடித்துத் தர வேண்டும். வந்தவை எல்லாம் மங்கலான ஸ்கேன் பக்கங்கள். ஆங்கில எழுத்து "எல்" எது, எண் ஒன்று எது என்று ஜூம் செய்தாலும் தெரியாது. ராத்திரியெல்லாம் உட்கார்ந்து அடித்து அனுப்பினேன். துல்லியம் 90 சதவீதத்துக்குக் கீழே என்று பதில் வந்தது. அடுத்த நாள் வக்கீல் நோட்டீஸ் என்று முத்திரை குத்திய ஒரு பிடிஎஃப். மாலைக்குள் 6,800 ரூபாய் கட்டாவிட்டால் கோர்ட், போலீஸ்.

கட்டிவிட்டேன். அந்த ஆளோடு போனில் பேசுவதைவிடப் பணம் கட்டுவது எனக்குச் சுலபமாக இருந்தது. அடுத்த அறையில் அண்ணன் இருந்தான். "டேய், இதைப் பாரேன்" என்று காட்டியிருந்தால் இரண்டு நிமிஷத்தில் முடிந்திருக்கும். கேட்க வாய் வரவில்லை. இந்த மோசடி ஓடுவதே நம்முடைய அந்த மௌனத்தில்தான்.

டைப்பிங்கில் பிழை விட்டதற்காக யாரையும் கைது செய்ய முடியாது. ஒப்பந்தத் தகராறு என்றே வைத்துக்கொண்டாலும் அது சிவில் விவகாரம். கோர்ட் சம்மனில் ஜிபே நம்பர் இருக்காது.

டெலிகிராமில் நடப்பது இன்னொரு வகை. வீடியோவுக்கு லைக் போடு, ஓட்டலுக்கு ரேட்டிங் கொடு என்பார்கள். முதலில் 100, 150 ரூபாய் நிஜமாகவே வரும். அப்புறம் "ப்ரீபெய்டு டாஸ்க்" என்று உங்கள் பணத்தைக் கேட்பார்கள். இதைவிட ஆபத்தானது, உங்கள் பேங்க் அக்கவுன்ட்டை வாடகைக்குக் கேட்பது. வேறு யாரையோ ஏமாற்றிய பணம் அதன் வழியாகப் போகும். அக்கவுன்ட் முடங்கும், போலீஸ் உங்களைத் தேடி வரும். தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

வேலை கொடுப்பவர் முன்பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஃப்ரீலான்ஸ் தளங்கள் வருமானத்தில் கமிஷன் பிடிப்பதும், விண்ணப்பிக்கச் சிறு கட்டணம் வாங்குவதும் உண்டு. அது வேறு கணக்கு. பணம் வாங்க யுபிஐ பின் போடவே தேவையில்லை என்பதையும் மறக்காதீர்கள். நிஜமான கம்பெனியின் பெயரிலேயே ஏமாற்றுவார்கள். அதனால் அந்தக் கம்பெனியின் சொந்த இணையதளத்தில் உள்ள முகவரிக்கு "இந்த வேலை உங்களுடையதுதானா?" என்று ஒரு மெயில் போடுங்கள். எழுதிக் கேட்பது நமக்கு வரும்.

அப்போ நிஜமான வேலை எங்கே இருக்கிறது? வேலை தேடும் தளங்களில் "நான்-வாய்ஸ்" (non-voice, அதாவது போனில் பேசத் தேவையில்லாத வேலை) என்று போட்டுப் பாருங்கள். சாட், மெயில் வழியாக வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் வேலைகள் வரும். தமிழ் நன்றாக வருமென்றால் சப்டைட்டில், மொழிபெயர்ப்பு, மெய்ப்புப் பார்த்தல் உண்டு. பாமினி, வானவில் எழுத்துருவில் கிடக்கும் பழைய கோப்புகளை இப்போது எங்கும் பயன்படும் யூனிகோடு முறைக்கு மாற்றினால் ஒற்றும் கொம்பும் இடம் மாறிக் கிடக்கும். அதைத் திருத்த மனுஷக் கண்தான் வேண்டும்.

எனக்குப் பிடித்தது கணக்கு வேலை. டேலி என்ற கணக்கு மென்பொருளைக் கற்றுக்கொண்டு நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். கடைக்காரர் பில்களைப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுவார். ஜிஎஸ்டி கணக்கை மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு, விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 படிவம் பதினொன்றாம் தேதிக்குள், வரி கட்டும் 3பி படிவம் இருபதாம் தேதிக்குள். தேதி முன்கூட்டியே தெரியும் வேலை பதற்றக்காரர்களுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் மாதம் ஒருமுறையாவது அவரிடம் பேசித்தான் ஆக வேண்டும். "அண்ணே, இந்த பில்லில் ஜிஎஸ்டி நம்பர் இல்லை" என்று சொல்வதற்கு முதல் மாதம் அரை மணி நேரம் ஒத்திகை பார்த்தேன். இப்போது ஒத்திகை தேவைப்படுவதில்லை.

யாரிடமும் பேசவே வேண்டாத வேலையைத் தேடாதீர்கள். தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளரும். சிபிடி என்ற பேச்சு சிகிச்சையில் சின்னச் சின்னப் படியாகப் பழக்குவார்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். நம்பரை அழுத்தக் கை வரவில்லையா? வீட்டில் ஒருவரை அழுத்தித் தரச் சொல்லுங்கள்.

பணம் போய்விட்டதென்றால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணத்தைத் தடுத்து வைக்க அவ்வளவு வாய்ப்பு. பேச முடியாதவர்கள் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் எழுதியே புகார் கொடுக்கலாம்.

இன்டர்வியூவுக்கு முன்னால் நான் அனுப்பும் மெயிலைக் கடைசியாகக் காட்டுகிறேன். அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

(திரையில்: "வணக்கம். வீடியோ காலில் பேசுவதற்கு எனக்குச் சற்றுத் தயாரிப்பு தேவைப்படும். என்னென்ன கேட்பீர்கள், எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்கூட்டியே தெரிவித்தால் உதவியாக இருக்கும். எழுத்துத் தேர்வு இருந்தால் முதலில் அதைச் செய்து தருகிறேன். நன்றி.")